ஜீப்புக்கு ஆக்ஸில் மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பையன் பழைய மஹிந்திரா ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். பின்பக்க ஹவுசிங்கை, அதாவது ஆக்ஸிலும் கியரும் அடங்கிய கூட்டை, சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகக் கடையில் எடுத்தானாம். "அளவு அப்படியே உக்காந்துடுச்சுண்ணே!" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். "பல்லு எண்ணுனியா?" என்று கேட்டேன். முழித்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரிதான் முழித்தேன்.

ஆயில் ஊற்ற மறப்பது, வீல் நட்டை முடுக்காமல் விடுவது எல்லாம் இங்கே வராது. அதை வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும்.

முன்னால் ஒரு ரேஷியோ, பின்னால் ஒரு ரேஷியோ

வில்லிஸ் வழி வந்த இந்த ஜீப்புகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிட நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஆகவே இரண்டு ஆக்ஸிலிலும் கிரவுன்-பினியன் கணக்கு, அதாவது பெரிய கியருக்கும் அதைச் சுற்றும் சின்ன கியருக்கும் உள்ள பல் விகிதம் (ரேஷியோ), ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். வெளியில் பார்த்தால் எல்லா ஹவுசிங்கும் ஒன்று போலத்தான் இருக்கும். ஃபோர் வீல் இல்லாத வண்டியின் ஹவுசிங்கைக் காயலான் கடையில் வாங்கி வருகிறவன் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

என் ஜீப்பில் முன்பக்கக் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8. அதாவது 5.38. நான் வாங்கி வந்த பின் ஹவுசிங்கில் 39-க்கு 8, அதாவது 4.88. அரைதானே வித்தியாசம் என்று தோன்றும். சக்கரம் இரண்டு சுற்று வருவதற்குள் முன் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று அதிகமாகச் சுற்றியாக வேண்டும். பூட்டு அதை விடாது. பின்சக்கரம் வண்டியைத் தள்ளும், முன்சக்கரம் பிரேக் மாதிரி பிடித்து நிறுத்தும். நேர் ரோட்டிலும் இதுதான்.

இது தெரியாமலே கொழுக்குமலைக்கு ஏறினேன். உதிரிக்கல் பாதையில் டயர் அங்கங்கே வழுக்கி முறுக்கைக் கழற்றிவிட்டதால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீயரிங் கனமாக இருந்ததற்குப் பாதையைத் திட்டினேன். இறங்கி சூரியநெல்லிப் பக்கம் தார் ரோட்டைத் தொட்டதும் ஃபோர் வீல் லீவர் வெளியே வர மறுத்தது. கையால் இழுத்தேன், காலால் உதைத்தேன். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்திருந்தால் முறுக்கு விட்டு லீவர் தானாக வந்திருக்கும். அந்த அறிவு அன்றைக்கு இல்லை. அப்படியே ஓட்டினேன். சீட்டுக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். முன் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டு இணைப்பு) உடைந்து, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒரு கியரில் இரண்டு பல் போயிருந்தது. ஹவுசிங்குக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு அதற்குச் செலவானது.

சோதிக்கக் கடையிலேயே ஐந்து நிமிஷம் போதும். ஒரு பக்க ஹப்பை ஆள் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பினியன் ஃபிளாஞ்சில் (ஷாஃப்ட் மாட்டும் தட்டு) ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போனால் 5.38. ஐந்தை எட்டாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றால் 4.88. ஒரு பக்கத்தைப் பிடிக்காமல் விட்டால் அந்த ஹப் எதிர்ப்பக்கம் சுற்றும், கணக்கு கோவிந்தா. மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணினால் இன்னும் நல்லது. கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

"நான் ஃபோர் வீலே போடமாட்டேண்ணே" என்று அந்தப் பையனும் சொன்னான். அப்புறம் எதற்கு ஜீப்? இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

அந்தரத்தில் வைத்து புஷ்ஷை முடுக்குவது

ஸ்பிரிங் போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் (ரப்பர் உறை) இருக்கும் வண்டிக்கு இது. சேஸ் ஸ்டாண்டில் நிற்க, ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஷேக்கிள் (ஸ்பிரிங்கைச் சேஸோடு சேர்க்கும் இணைப்பு) போல்ட்டைக் கடைசிவரை முடுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியை நான்கு சக்கரத்திலும் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அப்புறம் முடுக்க வேண்டும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாதிரி காயில் ஸ்பிரிங் வண்டிகளில் ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸோடு பிடிக்கும் கை) புஷ்ஷுக்கும் இதே முறைதான். புஷ் மட்டம் என்று கம்பெனியைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் வேலையை அந்தரத்தில் முடித்தவர்கள்.

எஞ்சின் ஏற்றாமல் ஸ்பிரிங் பேடை வெல்டு வைப்பது

ஸ்பிரிங் பேட் என்பது ஸ்பிரிங் பட்டையில் ஹவுசிங் உட்காரும் தட்டு. எடை ஏறினால் பட்டை தட்டையாகும், பினியன் பார்க்கும் கோணமும் மாறும். முதலில் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். எஞ்சின், பாடி எல்லாம் ஏறிய பிறகு கோணம் பார்த்து முழு வெல்டு. முழு வெல்டு வைக்கும்போது சுற்றிச் சுற்றி ஒரே இடத்தைக் காய்ச்சினால் ஹவுசிங் குழாய் வளையும், அது தனிக் கதை.

ஆப்பைத் திருப்பி வைப்பது

உயரம் கூட்டிய ஜீப்பில் காஸ்டருக்கு, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வுக்கு, ஸ்பிரிங் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆப்பு வைப்பார்கள். பட்டைக்கு மேலே ஹவுசிங் உட்காரும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். திருப்பி வைத்தால் அறுபதில் போகும்போது வண்டி ரோடு முழுக்க அலையும்.

பழைய யூ போல்ட்

ஹவுசிங்கைப் பட்டையோடு கட்டும் இதைத் திரும்ப மாட்ட வேண்டாம்.

பிரேக் ஹோஸ்

உயரம் கூட்டினால் ஹோஸும் நீளமாக வேண்டும். சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

பிரீதர்

ஹவுசிங்கின் காற்றுத் துளை இது. ஹவுசிங்குக்குப் பெயின்ட் அடிக்கும்போது இதையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, சீலைத் தாண்டி ஆயில் பிரேக் டிரம்முக்குள் வரும். புது சீல் மூன்று முறை மாற்றிய ஆள் ஒருவர் இருக்கிறார். கடைசியில் ஒரு ஊக்கை விட்டுக் குத்தியதும் சரியாகிவிட்டது.