எரிச்சல் அடங்கும்வரை காத்திருக்காதீர்கள், அதோடே ஆராதியுங்கள்

"மனசு கொஞ்சம் அமைதியாகட்டும், அப்புறம் ஜெபம் பண்ணுகிறேன்." சபைப் பாடகர் குழுவில் இருப்பதால் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். சொல்கிறவர்கள் பயபக்தியோடுதான் சொல்கிறார்கள். கடுகடுத்த முகத்தோடு ஆண்டவர் முன்னால் போய் நிற்கக் கூடாது என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த அமைதி தானாக வந்துசேர்வதில்லை, ஜெபமும் நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிப்போய்விடுகிறது. எரிச்சலோடே வாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்பது என் வேலை. ஒருவர் கோபமாகப் பேசி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வரிசையில் வந்து நிற்கும். வீட்டில் மறதி நோயோடு இருக்கும் அம்மா. சொன்ன பதில் அவருக்கு நிற்காது, கேட்டதையே மறுபடியும் கேட்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் தனியறையும் ஒரு மணி நேர அமைதியும் கிடைத்தால்தான் ஆராதனை என்றால், எனக்கு அது என்றைக்கும் வாய்க்காது. அதனால் இங்கே சொல்பவை எல்லாம் ஐந்து நிமிஷத்தில், மாடிப்படியில் நின்றுகொண்டுகூடச் செய்யக்கூடியவை.

முதலில் புகாரைச் சொல்லிவிடுங்கள். கவலைப்படுகிற மனசு சும்மா இருப்பதே இல்லை. உள்ளுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். அவர் ஏன் அப்படிச் சொன்னார், நான் என்ன பதில் சொல்லியிருக்கணும், நாளைக்கு என்ன ஆகும்? நிறுத்து என்று சொன்னால் அந்தப் பேச்சு நிற்காது. ஆனால் அதை யாரிடம் பேசுகிறோம் என்பதை மாற்றலாம். அதே வாக்கியங்களுக்கு முன்னால் "கர்த்தாவே" என்று சேர்த்து, வாய்விட்டு அவரிடம் சொல்லுங்கள். "கர்த்தாவே, அந்த மனிதர் என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை." "கர்த்தாவே, இந்த மாதம் எப்படிச் சமாளிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை." மெருகேற்றத் தேவையில்லை. பொதுவாக "என் கஷ்டங்கள்" என்றும் சொல்லாதீர்கள். நடந்தது என்னவோ அதையே சொல்லுங்கள்.

இது மரியாதைக்குறைவு என்று தோன்றினால் வேதாகமத்தில் சங்கீதம் 13-ஐத் திறந்து பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன்?" என்பது அதில் ஒன்று. மண்டைக்குள் யோசனை ஓடி ஓடிக் களைத்துப்போன எவருக்கும் அந்த வரி புரியும். அடுத்து, என்ன வேண்டும் என்று கேட்கிறார். அதற்கு அப்புறம்தான், ஆறாம் வசனத்தில், "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்கிறார். புகார், வேண்டுதல், பாட்டு என்ற இந்த வரிசையை நான் அப்படியே பின்பற்றுகிறேன். பலரும் நேராகப் பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். வாய் பாடுகிறது, மனசு இன்னும் அந்தச் சண்டையிலேயே நிற்கிறது. மொத்தம் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை முறையீடுகள் என்று வேத அறிஞர்கள் வகைப்படுத்துகிறார்கள். இவ்வளவு முறையீட்டையும் ஆண்டவர் ஆராதனைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்றால், நம் முறையீட்டைக் கேட்க அவருக்கு மனமிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, இப்போது பாட்டு. மனப்பாடமாகத் தெரிந்த, மெதுவான பாட்டு ஒன்றை எடுங்கள். புதுப் பாட்டு வேண்டாம், வரிகளைத் தேடுவதிலேயே கவனம் போய்விடும். கை தட்டிப் பாடும் வேகப் பாட்டும் இந்த நேரத்துக்கு ஏற்றதல்ல என்பது என் அபிப்பிராயம். நெஞ்சு ஏற்கெனவே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, பாட்டும் அதே வேகத்தில் போனால் படபடப்பு கூடத்தான் செய்யும். வழக்கமாகப் பாடுவதைவிடச் சுருதியைக் கொஞ்சம் இறக்குங்கள். ஒரு வரியை ஒரே மூச்சில் பாடி, மூச்சு முழுக்க வெளியேறியபின் அடுத்த வரிக்குப் போங்கள். ஒரு சரணம் போதும், ஆனால் அதையே இரண்டு மூன்று தடவை பாடுங்கள்.

மூச்சைப் பற்றி ஏன் இத்தனை அக்கறை என்றால், பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகி வேகமாகிவிடும். நீளமாக மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு மெல்லத் தணிகிறது. நீண்ட வரிகளைப் பாடும்போது இது நாம் கவனிக்காமலே நடந்துவிடுகிறது. 2001-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னவர்களின் சுவாசம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறை என்ற அளவுக்கு இறங்கியதை மருத்துவர்கள் அளந்து எழுதினார்கள். மந்திரம் சொன்னவர்களிடமும் அதையே கண்டார்கள். ஆகவே இந்தத் தணிவு நம் உடலின் பொதுவான இயல்பு. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் நடக்கிற அற்புதம் என்று நான் சொல்லமாட்டேன். என் உடலை அப்படிப் படைத்தவரிடமே அந்த மூச்சைக் கொண்டு பேசுகிறேன் என்பதுதான் எனக்குச் சந்தோஷம்.

அலுவலகத்தில் வாய்விட்டுப் பாட முடியாது. அங்கே உதட்டை மூடிக்கொண்டு ராகத்தை மட்டும் முனகுங்கள், வார்த்தைகள் மனசுக்குள் ஓடட்டும். கைபேசியில் பாட்டுப் போட்டுக் கேட்பதை இதற்கு ஈடாக வைக்காதீர்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் பாட்டு ஒரு பக்கம் ஓட, மனசு பழைய யோசனையிலேயே கிடக்கும். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, சொந்த வாயால் பாடும்போது அந்த யோசனைக்கு இடம் குறைகிறது.

எரிச்சல் கொஞ்ச நேரத்தில் போகிற மாதிரி இல்லை, நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கிறது என்றால் சங்கீதம் 136 உதவும். அதில் 26 வசனங்கள், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வது பல சபைகளில் வழக்கம். நான் இதை அம்மாவோடு சொல்கிறேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அம்மாவுக்கு நினைவில்லை, இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது. ஆனால் நான் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினால், தடங்கலே இல்லாமல் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்கிறார். சிறு வயதிலிருந்து சொல்லி வந்தது. சில நாட்கள் என் சொந்த வரிகளையும் சேர்த்துவிடுவேன். "இன்றைக்கு அந்த அழைப்பில் நான் பொறுமையாக இருக்க உதவினீர்" என்றால், அம்மா தன் பங்கைச் சொல்கிறார். "ராத்திரி அம்மா நன்றாகத் தூங்கினார்கள்" என்றாலும் சொல்கிறார். திரும்பத் திரும்ப வருகிற கேள்வி என்னைச் சோர்வடைய வைக்கிற அதே வீட்டில், திரும்பத் திரும்ப வருகிற இந்தப் பதில் என்னைத் தாங்குகிறது. நீங்கள் தனியாக இருந்தால் இரண்டு பாதியையும் நீங்களே சொல்லலாம். அன்றைய நாளிலிருந்து நான்கைந்து வரிகளை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்தோத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கவலையோடு இருக்கிறவரிடம் "எல்லாவற்றுக்கும் நன்றி சொல்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது அவர் வாயை அடைக்கிற மாதிரி ஆகிவிடக்கூடும். பிலிப்பியர் 4:6-இல் பவுல் அப்படிச் சொல்லவில்லை. "உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்கிறார். விண்ணப்பம் அப்படியே இருக்கிறது, ஸ்தோத்திரம் அதோடு கூட வருகிறது. இதை எழுதும்போது அவர் கட்டுண்டவராக இருந்தார். எழுதியதோ பிலிப்பி ஊர்ச் சபைக்கு. அதே பிலிப்பியில்தான் பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் தேவனைத் துதித்துப் பாடினார்கள் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. கடிதம் வாசிக்கப்பட்டபோது அந்த ராத்திரியை நேரில் அறிந்தவர்கள் சபையில் இருந்திருக்கக்கூடும். அதனால் அந்த அறிவுரையை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. செய்முறை சுலபம்: ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பக்கத்தில் ஒரு நன்றி. அதே விஷயத்தைச் சேர்ந்த நன்றியாக இருந்தால் இன்னும் நல்லது. வேலை போய்விடுமோ என்ற பயமா? அதைச் சொல்லிவிட்டு, இதற்கு முன் வழி திறந்த ஒரு சந்தர்ப்பத்தை நினைவுகூர்ந்து நன்றி சொல்லுங்கள்.

எரிச்சலுக்குக் காரணம் ஒரு ஆள் என்றால் பாட்டு மட்டும் போதாது. மத்தேயு 5:23-24-இல், உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று பலிபீடத்தண்டையில் நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார். ஆராதனையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிறார்! பாடிக்கொண்டிருக்கும்போதே ஒருவரின் முகம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தால், அவருக்கு ஒரு செய்தி அனுப்பவோ, போய்ப் பேசவோ வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரவு நேரக் கவலைக்கு நான் நீளமாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. சங்கீதம் 131, மூன்றே வசனம். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்ற வசனத்தை இருட்டில் படுத்தபடியே, மூச்சை விடும்போது மெதுவாகச் சொல்வேன். தூக்கம் வராவிட்டாலும் தொடர்வேன். வந்தால் அங்கேயே விட்டுவிடுவேன், ஜெபத்தை முடிக்கவில்லையே என்று வருந்தமாட்டேன்.

1 இராஜாக்கள் 19-ஐயும் மறக்க வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிக்கொண்டார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் ஆண்டவர் மெல்லிய சத்தத்தில் பேசியது அதற்குப் பிறகுதான். பசியிலும் தூக்கமின்மையிலும் வருகிற எரிச்சலுக்கு முதலில் சாப்பாடும் தூக்கமும்தான் தேவை. வாரக்கணக்காகத் தூக்கமில்லை, வேலையே செய்ய முடியவில்லை, நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி திடீர் பயம் வருகிறது, வாழவே பிடிக்கவில்லை என்றெல்லாம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது. "நீ இன்னும் அதிகமாகத் துதிக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

வாயே திறக்க முடியாத நாட்களும் வரும். சங்கீதம் 88 அப்படிப்பட்டது. கடைசி வசனத்தில்கூட விடிவு இல்லை. சிநேகிதர்கள் விலகிப்போனதைச் சொல்லியே முடிகிறது. அந்த மாதிரி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தயவுசெய்து சபைக்குப் போங்கள். கடைசி வரிசையில் தனியாக உட்காராமல், நன்றாகப் பாடுகிறவர்களுக்கு நடுவில் போய் உட்காருங்கள். பாட வேண்டாம். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் பாடும் வரிகளைக் கண்ணால் மட்டும் தொடருங்கள். யாராவது நலம் விசாரித்தால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.