சின்ன சிப்பில் ரேண்டம் எண்: நாலு பைட் போதும்

மைக்ரோகன்ட்ரோலரில் ரேண்டம் எண் வேண்டும் என்றதும் கணினியில் பழகிய மெர்சென் ட்விஸ்டர் என்ற ரேண்டம் எண் முறையைத் தேடிப் போகாதீர்கள். அடுத்த எண்ணைக் கணக்கிட அது நினைவில் வைத்திருக்கும் நிலைக்கே 2,496 பைட் வேண்டும், ஆர்டுயினோ ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில் மொத்த ரேமே 2,048 பைட்தான்.

ஜார்ஜ் மார்சாக்லியா 2003-ல் வெளியிட்ட எக்ஸார்ஷிஃப்ட் என்ற முறைக்கு 4 பைட் போதும். குறியில்லாத (அன்சைன்டு) 32 பிட் மாறி ஒன்றை எடுத்து, அதை 13 பிட் இடப்பக்கம் ஷிஃப்ட் செய்து அதனோடேயே எக்ஸார் (இரு பிட்டும் வேறானால் 1, ஒன்றானால் 0) போடுங்கள், வந்ததை 17 பிட் வலப்பக்கம், அப்புறம் 5 பிட் இடப்பக்கம், ஒவ்வொரு முறையும் எக்ஸார். அவ்வளவுதான், பெருக்கல் வகுத்தல் எதுவும் கிடையாது. 1-ல் தொடங்கினால் முதலில் 270369, அடுத்து 67634689 வர வேண்டும். முதல் எண் சரியாக வந்து இரண்டாவது மாறிப்போனால், மாறியைக் குறியுள்ளதாக அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள், வலப்பக்க ஷிஃப்ட்டில் குறி பிட்டும் சேர்ந்து நகர்ந்திருக்கும்.

சீடு, அதாவது தொடக்க எண், 0 ஆக இருக்கவே கூடாது, கடைசி வரை 0-தான் வரும். சின்ன சீடு கொடுத்தால் முதல் சில எண்களும் சின்னதாகவே வரும், அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

பகடை மாதிரி 0 முதல் 5 வரை வேண்டுமென்றால் 6-ஆல் வகுத்து மீதி எடுக்காதீர்கள். கார்டெக்ஸ் எம்0 போன்ற சின்ன ப்ராசஸரில் வகுத்தல் கட்டளையே இல்லை, கம்பைலர் அதற்கென்று ஒரு ஃபங்ஷனையே கூப்பிடும். மேல் 16 பிட்டை 6-ஆல் பெருக்கி 16 பிட் வலப்பக்கம் ஷிஃப்ட் செய்தால் வேலை முடிந்தது.

உண்மையான சிக்கல் சீடில்தான். ஒரே ஃபர்ம்வேர் போட்ட பத்து சென்சார் போர்டுகள் ஒரே நேரத்தில் ஆன் ஆகி, ரேடியோவில் மோதிக்கொண்டு, மறுபடி அனுப்ப "ரேண்டமாக" காத்திருக்கின்றன என்று வையுங்கள். சீடு ஒன்றே என்றால் எல்லாம் ஒரே அளவு காத்திருந்து மறுபடி மோதும். எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு சிப்புக்கும் தனியான 96 பிட் அடையாள எண் இருக்கிறது, அதை நன்றாகக் கலக்கி சீடாக்குங்கள். ஆன் செய்யும்போதெல்லாம் வரிசையும் மாற வேண்டுமென்றால் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) இரைச்சலின் கடைசி பிட்டைப் பல முறை வாசித்து அதோடு சேருங்கள், ஒரே ஒரு வாசிப்பை நம்ப வேண்டாம்.

இன்டரப்டிலும் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் கோடு) மெயின் லூப்பிலும் எண் தேவையென்றால் தனித்தனி மாறி வையுங்கள். கடவுச்சொல், சாவி போன்றவற்றுக்கு இதைத் தொடவே கூடாது, வெளியே வந்த ஒரு எண் தெரிந்தால் அடுத்தது எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு எஸ்டிஎம்32எஃப்407 போல ஹார்டுவேர் ரேண்டம் உள்ள சிப்பை எடுங்கள்.