ஊர்க் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

தொடங்கிய ஆண்டை முதல் வரியில் எழுதிவிடாதீர்கள். வேல்ஸில் ரெக்ஸம் கழகம் 1872இல் தொடங்கியது என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1864 அக்டோபரிலேயே கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் கூடி, குளிர்காலத்துக்கென்று அதைத் தொடங்கிவிட்டார்கள் என்பது பிறகுதான் ஏற்கப்பட்டது. நம் காரைக்குடிப் பக்கத்திலோ, கேட்டால் "சுதந்திரத்துக்கு முன்பே" என்று மீசையைத் தடவுவார்கள்.

கணக்கைத் தேடுங்கள். செட்டிநாட்டில் ஆட்ட இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் வாங்கினாலும் பற்று எழுதுவார்கள். கோப்பைக்குப் பணம் கொடுத்த வீட்டு ஆச்சியிடம் பணிவாகக் கேட்டால் இரண்டாம் கட்டு அலமாரி திறக்கும். பந்து, அதற்குள் காற்றடைக்கும் பிளாடர், பஸ் கட்டணம் என்று தேதியோடு கிடைக்கும். பக்கங்களை அங்கேயே படமெடுங்கள். பேரேட்டை வெளியே கேட்காதீர்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

பழைய ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். இரண்டு முன்வரிசைக்காரர்கள் சேர்ந்தால் கோல்கள் குட்டி போடும். கோல் கீப்பர்களை அதிகம் நம்புகிறேன். வாங்கிய கோலை அவர்கள் மறப்பதில்லை.

ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தார் என்பதையும் குறியுங்கள். 1887க்கும் 1894க்கும் இடையில் ஐந்து முறை வேல்ஸ் கோப்பையை வென்ற சர்க், சுரங்கத் தொழிலாளர் ஊர். புகழ்பெற்ற கால்பந்து வீரர் பில்லி மெரெடித்தும் அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். ஆத்தங்குடியில் டைல் பட்டறையை விட்டுவிட்டு அணியைப் பற்றி எழுத முடியுமா?

அச்சுக்குப் போகுமுன் கைப்பிரதியைப் பக்கத்து ஊர் எதிரணியிடம் கொடுங்கள். பிழைகளைப் பைசா வாங்காமல் திருத்தித் தருவார்கள்.