ஓய்வுக்காலச் சேமிப்பு: வயதுக்கேற்ற கணக்கு

ஆண்டுக்கு 8% வருமானம் என்று வைத்துக்கொள்வோம். 25 வயதில் தொடங்குபவர் 60-இல் எட்டும் தொகையை 40-இல் தொடங்குபவர் எட்ட, மாதாமாதம் ஏறக்குறைய 4 மடங்கு போட வேண்டும். 50-இல் என்றால் ஏறக்குறைய 12 மடங்கு. ஆகவே இருபதுகளில் ‘எந்தத் திட்டம் நல்லது’ என்று அலசியே ஆண்டுகளைக் கடத்தாதீர்கள். சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடித்தம் ஆகட்டும். வேலை மாறும்போது ஓய்வு நிதியை எடுத்துச் செலவழிப்பதுதான் இந்த வயதின் பெரிய ஓட்டை.

நாற்பதுகளில் சம்பள உயர்வில் பாதியைச் சேமிப்பில் சேருங்கள். இலக்கை இன்றைய செலவை வைத்துப் போடாதீர்கள். 72-ஐ விலைவாசி உயர்வு விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும்: 6% என்றால் 12 ஆண்டு.

ஓய்வு நெருங்கியவர்கள் 2–3 ஆண்டுச் செலவை வைப்புக் கணக்கில் தனியே வையுங்கள். ஓய்வின் முதல் ஓரிரு ஆண்டிலேயே பங்குச் சந்தை சரிந்தால், செலவுக்காகக் குறைந்த விலையில் நிறைய மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை விற்க நேரும். சந்தை மீண்டாலும் விற்றவை திரும்பாது. அதற்குப் பயந்து முழுப் பணத்தையும் வைப்பிலேயே முடக்குவதும் சரியல்ல. 60-க்குப் பிறகும் 25 ஆண்டு விலைவாசியைச் சமாளிக்க வேண்டியிருக்கலாம்.