ஆஃப்ஸ்டெட்டை நாடாளுமன்றம் கேள்வி கேட்பது எப்படி? பின்தொடரவும் சாட்சியம் அனுப்பவும் ஒரு செய்முறை விளக்கம்

இங்கிலாந்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எல்லோருக்கும், பள்ளிகளை ஆய்வு செய்து தரம் சொல்லும் ஆஃப்ஸ்டெட் என்ற பெயர் பழக்கம். நல்ல தரம் கிடைத்தால் பள்ளி வேலியில் பேனர் தொங்கும், கிடைக்காவிட்டால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடக்கும். அந்த ஆய்வு அமைப்பையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் இடம் ஒன்று உண்டு என்பதும், அங்கே சாதாரணப் பெற்றோரும் ஆசிரியரும் எழுதி அனுப்பலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. பள்ளி நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோருக்காக இந்த விளக்கம். இங்கிலாந்துக்கு மட்டுமே இது பொருந்தும். வேல்ஸில் எஸ்டின் என்ற வேறு அமைப்பு. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனி ஏற்பாடுகள்.

படி 1: யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

ஆஃப்ஸ்டெட் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அரசுத் துறைதான், ஆனால் அமைச்சர் தலைமை தாங்காத துறை. அதன் தலைவர் தலைமை ஆய்வாளர். அந்தப் பொறுப்பில் 2017 முதல் 2023 வரை அமண்டா ஸ்பீல்மன் இருந்தார், 2024 ஜனவரியிலிருந்து மார்ட்டின் ஆலிவர் இருக்கிறார். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைமை ஆய்வாளர் ஆண்டுதோறும் கல்வி அமைச்சருக்கு அறிக்கை தர வேண்டும், அமைச்சர் அதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும்.

அமைச்சரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லை என்பதால் கேள்வி கேட்கும் வேலையில் பெரும்பகுதி நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையின் கல்விக் குழுவிடம் போகிறது. அதில் 11 எம்.பி.க்கள். 3 பேர் வந்தால் கூட்டம் நடத்தலாம். குழுத் தலைவரை முழு அவையும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. 2024 தேர்தலுக்குப் பிறகு ஹெலன் ஹேய்ஸ் தலைவர், அதற்கு முன் ராபின் வாக்கர்.

குழு ஆளை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், அறிக்கை வெளியிடலாம். ஆனால் உத்தரவு போட முடியாது. 2016இல் ஸ்பீல்மனின் பெயர் முன்மொழியப்பட்டபோது குழு அவரை விசாரித்துவிட்டு, நியமனத்தை ஆதரிக்க முடியாது என்று எழுதியது. அன்றைய அமைச்சர் நிக்கி மோர்கன் அதையும் மீறி நியமித்தார். அப்படியானால் குழுவால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். ஆறாம் படியில் அதற்குப் பதில் இருக்கிறது.

படி 2: கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆய்வாளர் எப்படி ஆய்வு செய்தார், எந்தச் சட்டகத்தை (ஆய்வு விதிகளின் தொகுப்பு) வைத்து மதிப்பிட்டார், புகாரை எப்படிக் கையாண்டார் என்பவை ஆஃப்ஸ்டெட்டின் பொறுப்பு. அந்த மதிப்பீட்டை வைத்துப் பள்ளியை என்ன செய்வது என்பது கல்வித் துறையின் பொறுப்பு. உதாரணமாக, "இனடிக்வேட்" என்ற மிகக் குறைந்த தரம் பெற்ற உள்ளூராட்சிப் பள்ளியை அகாடமியாக (உள்ளூராட்சிக்கு வெளியே அறக்கட்டளை நடத்தும் பள்ளியாக) மாற்றும் ஆணை கட்டாயம் என்று வைத்தது 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஆஃப்ஸ்டெட் அல்ல. "ஒரே ஒரு சொல்லை வைத்து ஏன் ஒரு பள்ளியின் தலையெழுத்தையே எழுதுகிறீர்கள்?" என்று, முழுப் பள்ளிக்கும் ஒற்றைச் சொல்லில் தரம் தந்த 2024 வரையான காலத்தில் பொதுவாகக் கேட்டிருந்தால், ஆஃப்ஸ்டெட் கல்வித் துறையைக் கைகாட்டியிருக்கும், துறை ஆஃப்ஸ்டெட்டின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியிருக்கும். கேட்டவருக்கு எதுவும் கிடைத்திருக்காது.

ஆகவே காகிதத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆய்வு நடந்த விதம், வலப்பக்கம் அதன் விளைவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறையும் எந்தப் பக்கம் போகிறது என்று தெளிவான பிறகுதான் எழுத உட்கார வேண்டும்.

படி 3: சரியான கதவைத் தட்டுங்கள்

உங்கள் பள்ளியின் தரத்தைக் கல்விக் குழு மாற்றாது. தனிப்பட்ட வழக்குகளை அது விசாரிப்பதே இல்லை. அதற்கு ஆஃப்ஸ்டெட்டின் புகார் வழிமுறை இருக்கிறது, அங்கே முடியாவிட்டால் நீதிமன்றம். ஒரு பள்ளியின் நடத்தையைப் பற்றிய பெற்றோரின் புகார் என்றால் முதலில் பள்ளியின் சொந்தப் புகார் நடைமுறையை முடிக்க வேண்டும்.

பணம், செயல்திறன் பற்றிய கேள்வி என்றால் பொதுக் கணக்குக் குழு. அதற்குத் தரவு தருவது தேசியத் தணிக்கை அலுவலகம். அதன் 2018 மே அறிக்கையைத் தேடிப் படியுங்கள். ஆய்வு அமைப்பை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. 2017 ஆகஸ்ட் நிலவரப்படி 1,620 பள்ளிகள் 6 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆய்வுக்கு உட்படவில்லை, அவற்றில் 296 பள்ளிகளுக்கு 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆய்வாளர் போகவில்லை என்று அது கணக்கிட்டுச் சொன்னது. பெரும்பாலானவை "அவுட்ஸ்டாண்டிங்" என்ற மிக உயர்ந்த தரம் வாங்கிய பள்ளிகள். அந்தத் தரம் வாங்கியவற்றுக்கு 2012 முதல் வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது. 2020 நவம்பரில் விலக்கு நீங்கியது.

தேசிய அளவிலான கோரிக்கைக்கு இணைய மனு இன்னொரு வழி. 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசின் எழுத்துப் பதில், 100,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலனை. பதில் பெரும்பாலும் ஏற்கனவே உள்ள கொள்கையைத் திரும்பச் சொல்வதாகவே இருக்கும்.

படி 4: விசாரணையைக் கண்டுபிடியுங்கள்

நாடாளுமன்ற இணையதளத்தின் குழுக்கள் பகுதியில் கல்விக் குழுவின் பக்கத்தைத் திறந்து மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்யுங்கள். குழுவின் வேலை இரண்டு வகையாக வரும். ஒன்று, தலைமை ஆய்வாளரை அவ்வப்போது கூப்பிட்டுப் பொதுவாகக் கேள்வி கேட்கும் அமர்வு. இதற்கு வெளியாரிடம் சாட்சியம் கேட்காமல் போகலாம். மற்றது, ஒரு தலைப்பில் முழு விசாரணை. இதில் குழு முதலில் தன் கேள்விப் பட்டியலை வெளியிட்டு, எழுத்துச் சாட்சியத்துக்குக் கடைசித் தேதியும் தரும். அந்தப் பட்டியலை அச்செடுத்து வையுங்கள். பிறகு வரும் எல்லா வேலைக்கும் அதுதான் அளவுகோல்.

படி 5: எழுத்துச் சாட்சியம் தயாரியுங்கள்

வேர்ட் கோப்பாக, 3,000 சொற்களுக்குள் இருக்கட்டும். பிடிஎஃப் வேண்டாம். பத்திகளுக்கு எண் போடுங்கள். எம்.பி.யும் குழு அலுவலரும் "பத்தி 7" என்றுதான் சுட்டுவார்கள். வரிசை இப்படி: மேலே ஐந்தாறு வரிச் சுருக்கம், நீங்கள் யார், ஏன் எழுதுகிறீர்கள் என்று இரண்டு வரி, பிறகு குழுவின் கேள்விகளில் உங்களுக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில், கடைசியில் குழு என்ன பரிந்துரைக்க வேண்டும் என்று ஒன்றிரண்டு வாக்கியம். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதுவது நேர விரயம். இரண்டு பக்கம் உருப்படியாக இருந்தால் போதும்.

பத்தி எப்படி இருக்க வேண்டும்? "ஆய்வாளர் சிறிய பள்ளிகளைப் புரிந்துகொள்ளவில்லை" என்று எழுதினால் அது வெறும் கருத்து, மேற்கோள் காட்ட ஒன்றுமில்லை. கீழே உள்ள மாதிரியைப் பாருங்கள்:

"4. சிறிய ஆரம்பப் பள்ளியில் ஓர் ஆசிரியரே மூன்று நான்கு பாடங்களுக்குப் பொறுப்பாக இருப்பார். 2019 சட்டகத்தின் கீழ் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பாடத்தையும் ஆய்வாளர் தனித்தனியாக ஆழமாக ஆராய்ந்தபோது, இரண்டு நாளும் அதே ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. பெரிய பள்ளியில் அந்தச் சுமை பலருக்குப் பிரியும். ஆய்வு முறை பள்ளியின் அளவுக்கேற்ப மாற வேண்டும் என்று குழு பரிந்துரைக்கக் கோருகிறோம்."

சூழல், நடந்தது, காரணம், கோரிக்கை. நான்கும் ஒரே பத்தியில் வந்துவிட்டன. மேற்கோள் காட்டத் தகுந்த பத்தி என்றால் இதுதான்.

தவறு நேரும் இடங்கள்: ஏற்கனவே வலைப்பதிவிலோ பத்திரிகையிலோ வந்ததை அப்படியே அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். குழு ஏற்றுக்கொண்ட சாட்சியம் குழுவின் சொத்து. அதன்பின் திரும்பப் பெற முடியாது, குழு வெளியிடும் முன் நீங்களும் வெளியிடக் கூடாது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் தொட்டால் அந்தப் பகுதி நிற்காது. பிள்ளைகளின் பெயர், ஒருவரை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் வேண்டாம். உங்கள் பெயரே வெளியே தெரியக் கூடாது என்றால் பெயரில்லாமல் வெளியிடவோ, ரகசியமாக வைக்கவோ சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. பெயரில்லாச் சாட்சியம் எல்லோருக்கும் படிக்கக் கிடைக்கும், ரகசியச் சாட்சியத்தைக் குழு மட்டும் படிக்கும். சிறிய ஊரில் ஒரே ஒரு பள்ளி இருக்கும்போது பெயரை மட்டும் எடுத்தால் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழு வெளியிடும் சாட்சியத்துக்கு நாடாளுமன்றப் பாதுகாப்பு உண்டு, அதற்காக உங்கள் மேல் அவதூறு வழக்குப் போட முடியாது. அதே வரியை நீங்களே முகநூலில் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

படி 6: அமர்வைவிட அதன்பின் வரும் காகிதங்களைப் படியுங்கள்

பார்லிமென்ட்லைவ் டிவியில் அமர்வை நேரடியாகப் பார்க்கலாம். சுவாரசியம்தான். ஆனால் எழுத்துவடிவம் வந்ததும் அதை எடுத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு கேள்விக்கும் எண் இருக்கும். "இதைப் பற்றி எழுதி அனுப்புகிறேன்" என்று தலைமை ஆய்வாளரோ அமைச்சரோ சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதங்கள் குழுப் பக்கத்தின் கடிதப் பகுதியில் பிறகு வரும். கூட்டத்தில் வராத எண்கள் பல நேரம் அங்கேதான் அகப்படும். வராமலே போன கடிதமும் ஒரு செய்திதான்.

அடுத்தது அறிக்கை. முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். முடிவுகளும் பரிந்துரைகளும் எண்ணிட்டு அங்கே தொகுக்கப்பட்டிருக்கும். சம்பந்தப்பட்ட அமைப்பு வழக்கமாக 2 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மூன்று கட்டம் உள்ள அட்டவணை போடுங்கள்: பரிந்துரை, பதில், பிறகு உண்மையில் நடந்தது. "ஏற்கிறோம்", "பகுதியாக ஏற்கிறோம்", "ஏற்கவில்லை" என்ற மூன்றில் நடுவில் உள்ளதுதான் வழுக்கும் இடம். எந்தப் பகுதி என்று பதிலுக்குள் தேடினால், ஏற்கனவே செய்துகொண்டிருப்பதைத்தான் ஏற்றதாகச் சொல்லியிருப்பார்கள்.

பயிற்சிக்கு ஒரு உண்மையான தொடர். ரெடிங் நகரில் கேவர்ஷம் ஆரம்பப் பள்ளியில் 2022 நவம்பரில் ஆய்வு நடந்தது. தலைமை ஆசிரியை ரூத் பெரி 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2023 டிசம்பரில் முடிவு சொன்னார். கல்விக் குழு 2023இல் தொடங்கிய விசாரணையின் அறிக்கை 2024 ஜனவரி 29இல் வெளிவந்தது. ஒற்றைச் சொல் தரத்துக்கு மாற்று தேட வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. அன்றைய அரசு தன் பதிலில் அந்தத் தரத்தைத் தாங்கிப் பேசியது. அட்டவணையில் "ஏற்கவில்லை" என்று எழுதிப் புத்தகத்தை மூடியிருப்போம். 2024 ஜூலையில் ஆட்சி மாறியது. செப்டம்பர் தொடக்கத்தில் அரசுப் பள்ளிகளுக்கான ஒற்றைச் சொல் தரம் நீக்கப்பட்டது. 2025 நவம்பரில் பல தலைப்புகளுக்குத் தனித்தனி மதிப்பீடு தரும் அறிக்கை அட்டை நடைமுறைக்கு வந்தது.

இந்த மாற்றத்தைக் குழு ஒன்றே கொண்டுவந்தது என்று சொன்னால் மிகை. ஒரு குடும்பத்தின் விடாத போராட்டம், ஆசிரியர் சங்கங்கள், தேர்தல் எல்லாம் சேர்ந்தது. குழு செய்தது, யார் எதை எப்போது மறுத்தார்கள் என்பதைச் சாட்சியத்தோடு பதிந்து வைத்தது. அடுத்து வந்தவர்கள் தொடங்க அது கையில் இருந்தது. மூன்றாவது கட்டத்தை ஓராண்டாவது திறந்தே வைக்க வேண்டிய காரணமும் இதுதான்.

படி 7: உங்கள் எம்.பி. வழியாக எழுத்துக் கேள்வி

எம்.பி. அமைச்சரிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறும் வழி இது, குழு விசாரணை எதுவும் நடக்காத காலத்தில் கைகொடுக்கும். உங்கள் தொகுதி எம்.பி.க்கு மட்டும் எழுதுங்கள், முழு முகவரியும் அஞ்சல் குறியீடும் கட்டாயம். வேறு தொகுதிக்காரர் எழுதினால் எம்.பி. அலுவலகம் கைவைக்காது. கேள்வியை நீங்களே வரைந்து கொடுத்தால் வேலை சுலபம். அது தகவல் கேட்பதாக இருக்க வேண்டும், வாதாடக் கூடாது. "கடந்த மூன்று கல்வியாண்டுகளில் முடிவுக்கு வந்த புகார்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பகுதியாகவோ முழுதாகவோ ஏற்கப்பட்டன" என்பது நல்ல கேள்வி. "புகார் முறை ஏன் இப்படிச் சீர்கெட்டிருக்கிறது" என்பது திரும்பி வரும்.

கல்வி அமைச்சருக்கு அனுப்பிய கேள்விக்கு, "இது தலைமை ஆய்வாளரின் பொறுப்பு, அவரை நேரடியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்" என்று இரண்டே வரியில் பதில் வருவது வழக்கம். கைகழுவிவிட்டார்கள் என்று எண்ணிப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தின் நகல் காமன்ஸ் நூலகத்தில் வைக்கப்படும். நாடாளுமன்ற இணையதளத்தில் நூலகத்தில் வைக்கப்பட்ட ஆவணங்களுக்கென ஒரு தேடல் பக்கம் இருக்கிறது. கேள்வி எண்ணையோ எம்.பி. பெயரையோ போட்டு, பதில் வந்த தேதிக்குப் பிந்தைய சில வாரங்களில் தேடுங்கள்.