ஒற்றைச் சம்பளத்தில் வீட்டுக் கடனை அடைத்த கதை

2017-ல் தாம்பரம் பக்கம் ஃபிளாட் வாங்கினேன். கடன் 25 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம். மாதத் தவணை 21,696 ரூபாய். "தனி ஆள்தானே, உனக்கென்ன செலவு?" என்பார்கள் சொந்தக்காரர்கள். வேலை போனால் கைகொடுக்க வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லை என்பது அவர்களுக்கு எங்கே உறைக்கும்! முதலில் ஆறு மாதத் தவணையை எஃப்.டி.யில் போட்டுவிட்டுத்தான் கடன் பக்கம் திரும்பினேன்.

முதல் தவணையைப் பிரித்துப் பார்த்ததில் வயிறு எரிந்தது. வட்டிக்கு 17,708, அசலுக்கு வெறும் 3,988. ஒரு வருஷம் கழித்து, போனஸும் சீட்டுப் பணமுமாக 2 லட்சத்தைக் கொண்டுபோய்க் கட்டினேன். அடுத்த மாதம் பார்த்தால் காலம் அப்படியே இருக்கிறது, தவணையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கிளைக்குப் போய், "தவணை பழையபடியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்த நகலும் வாங்கினேன். மீதி 228 மாதம் 188 ஆனது. மாறும் வட்டிக் கடன், அதனால் முன்கூட்டிக் கட்டியதற்கு அபராதம் கிடையாது. அப்புறம் வந்த போனஸ் எல்லாம் அங்கேதான். ஸ்கூட்டர்கூட மாற்றவில்லை.

2024-ல் முடித்தேன். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கு 12-ம் நாளே வந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணம் பதிந்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு போன் செய்தேன்.