பொதுமக்களோடு உரையாடல்: சமூக ஊடகங்களையும் மெய்நிகர் உலகங்களையும் பயன்படுத்தும் முறை

மக்களோடு உரையாட விரும்பும் அருங்காட்சியகமோ நூலகமோ உள்ளாட்சி அமைப்போ ஆய்வு நிறுவனமோ, எந்தச் செயலியில் கணக்குத் தொடங்கலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறது. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. மக்கள் சொல்வதைக் கேட்டு எதை மாற்றிக்கொள்ள நிறுவனம் ஆயத்தமாக இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரின் ஒப்புதலைப் பெறுவதே முதல் வேலை. "பூங்காவின் நடைபாதை எந்த வழியாகச் செல்வது, இருக்கைகளை எங்கே போடுவது ஆகியவற்றை மக்களின் கருத்தைக் கொண்டு முடிவு செய்வோம், பூங்காவின் பரப்பளவும் நிதியும் மாறா" என்ற அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும். அப்படி ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் நிறுவனத்துக்குத் தேவைப்படுவது அறிவிப்புப் பலகைதான். அதற்கு உரையாடல் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டு பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சி மன்றம் தனது புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் சொல்லுமாறு இணையத்தில் மக்களைக் கேட்டது. படகைக் குறிக்கும் 'போட்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துக் கேலியாக முன்மொழியப்பட்ட 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற பெயர் 1,24,000க்கும் மேற்பட்ட வாக்குகளோடு முதலிடம் பிடித்தது. கப்பலுக்கு இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரே வைக்கப்பட்டது; வென்ற பெயர், நீருக்கடியில் தானே இயங்கும் ஆய்வுக் கலத்துக்குப் போயிற்று. மக்களிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும் என்பதற்குச் சான்றாக இதைச் சொல்வோர் உண்டு; எனக்கு அது சரியாகப் படவில்லை. இறுதி முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ள நினைக்கும் நிறுவனம், தனக்கு ஏற்புடைய ஐந்தாறு பெயர்களைத் தானே தேர்ந்து, அவற்றுக்குள் வாக்குக் கேட்டிருக்கலாம். எந்த விடை வந்தாலும் ஏற்க முடியும் என்ற கேள்வியை மட்டுமே வாக்கெடுப்புக்கு விட வேண்டும்.

அடுத்தது, பேசும் ஆளைத் தேர்வது. நாசாவின் ஃபீனிக்ஸ் விண்கலம் 2008 மே மாதம் செவ்வாயில் இறங்கியபோது, விண்கலமே 'நான்' என்று பேசுவதுபோல ட்விட்டரில் ஒரு கணக்கு நடத்தப்பட்டது. செவ்வாயின் மண்ணில் பனிக்கட்டி இருப்பது உறுதியான செய்தியை அடுத்த மாதம் அந்தக் கணக்கே துள்ளலோடு அறிவித்தது. இப்படி 'நான்' என்று பேசிய முறையைப் பலரும் பின்பற்றினார்கள். அந்தக் கணக்கை நடத்தியவர்கள் திட்டக் குழுவுக்கு அருகிலேயே இருந்து, மக்கள் கேட்டவற்றுக்கு விடை பெற்றுச் சொன்னார்கள் என்பதைப் பின்பற்றியவர்கள் குறைவு. ஆகவே கணக்கை நடத்துபவருக்கு மூன்று பட்டியல்கள் எழுத்தில் தரப்பட வேண்டும்: உடனே தானே பதில் சொல்லக்கூடியவை, துறை வல்லுநரிடம் கேட்டு ஒரு நாளுக்குள் சொல்ல வேண்டியவை, அங்கே பதில் சொல்லவே கூடாத தனிநபர் விவகாரங்கள். "போன மாதமும் கேட்டேன், பதிலே வரவில்லை" என்று ஒருவர் எழுதினால், "தங்கள் கருத்துக்கு நன்றி" என்பது அவரை மேலும் சினமூட்டும். "உங்கள் கேள்வியைத் திட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம், வியாழக்கிழமை மாலைக்குள் இதே இடத்தில் பதில் எழுதுகிறோம்" என்று எழுதி, வியாழக்கிழமை பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையாவது எழுத வேண்டும். எத்தகைய கருத்துகள் நீக்கப்படும் என்ற விதியை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டு, கடுமையான விமர்சனத்தை அந்த விதியைக் காட்டி நீக்காமல் இருப்பதும் கணக்கை நடத்துபவரின் பொறுப்பே.

பலர் தங்கள் உருவங்களோடு உள்ளே நடமாடும் கணினி வழி இடங்களான மெய்நிகர் உலகங்களில் பெரும்பாலான முயற்சிகள் தோற்பது வேறொரு காரணத்தால்: போய்ப் பார்த்தால் அங்கே ஆளில்லை. செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் 2003இல் தொடங்கியது. 2007இல் மாலத்தீவும் சுவீடனும் அதற்குள் தூதரகங்களைத் திறந்தன. அந்த அலையில் எத்தனையோ நிறுவனங்கள் அழகான கட்டடங்களை எழுப்பி, அவற்றை இரவு பகலாகத் திறந்துவைத்தன. உள்ளே வருபவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பேச யாரும் இல்லாததால் வெளியேறிவிடுவார், மறுபடி வரமாட்டார். 2022 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் 3,87,000 யூரோ செலவில் உருவாக்கிய மெய்நிகர்த் தளத்தில் நடந்த தொடக்க விழாவுக்கும் ஒரு சிலரே வந்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, பதினைந்து ஆண்டுகளில் பாடம் படிக்கப்படவில்லை என்றே தோன்றியது.

எனவே இடத்தை எப்போதும் திறந்துவைப்பதை விட்டு, வாரத்தில் ஒரு குறித்த வேளையில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்து, அந்த நேரத்தில் மூன்று பேரையாவது உள்ளே நிறுத்த வேண்டும். ஒருவர் வாயிலில் நின்று வரவேற்பார். ஒருவர் எழுத்து உரையாடலைக் கவனித்துப் பதில் சொல்வார். மற்றவர் தொல்லை கொடுப்போரை வெளியேற்றும் அதிகாரத்தோடு சுற்றி வருவார். புதிதாக வருபவர் சுவரில் முட்டிக்கொண்டும், ஒலிவாங்கியை அணைக்கத் தெரியாமலும் தடுமாறுவார் என்பதால், நடப்பது, திரும்புவது, பேசுவது ஆகிய மூன்றை மட்டும் விளக்கும் பெரிய பலகையை நுழைவிடத்தில் வைக்கலாம். அந்த உலகத்தை முன்பின் பார்த்திராத ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து, உதவி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எங்கே திணறுகிறார் என்று பார்ப்பது, எந்த வடிவமைப்பாளரின் அறிவுரையையும்விடப் பயன் தரும்.

வந்தவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்க வேண்டும். மெய்நிகர் அரங்கில் உட்காரவைத்துச் சொற்பொழிவு நிகழ்த்துவதற்குச் சாதாரணக் காணொளியே போதும். ஐக்கிய நாடுகள் அவையின் வாழிடத் திட்டமான யூஎன்-ஹேபிடாட், கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தோடு சேர்ந்து 2012இல் தொடங்கிய 'பிளாக் பை பிளாக்' திட்டத்தில், கென்யத் தலைநகர் நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதி உட்படப் பல இடங்களில் குடியிருப்பாளர்களே தங்கள் பொது வெளிகளை வடிவமைத்தார்கள். பயிற்சிப் பட்டறையில் சிறு குழுக்களாகக் கணினியின் முன் அமர்ந்து, அந்த இடத்தின் மாதிரியின்மீது கட்டைகளை வைத்துத் தங்கள் எண்ணத்தைக் காட்டி, பிறகு அதை அதிகாரிகளிடம் விளக்குவது அதன் முறை. பொறியாளரின் வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவரும் "விளக்கு இங்கே வேண்டும்" என்று கட்டையை நட்டுக் காட்ட முடிகிறது. மெய்நிகர் உலகமும் நேரடிக் கூட்டமும் ஒன்றாக நடப்பதுதான் அதன் வலிமை என்று கருதுகிறேன்.

குறும்புக்கும் ஆயத்தமாக வேண்டும். டென்மார்க்கின் அரசு நிலவரைபட நிறுவனம் 2014இல் தன் நாடு முழுவதையும் முழு அளவில் மைன்கிராஃப்டில் அமைத்துத் திறந்துவிட்டபோது, வெடிமருந்துக் கட்டைகளை முன்கூட்டியே முடக்கியிருந்தது. வெடிமருந்து ஏற்றிய சுரங்க வண்டியை முடக்க மறந்திருந்தது. விளையாட்டாளர்கள் அதைக் கொண்டு சில பகுதிகளைத் தகர்த்து, அமெரிக்கக் கொடிகளையும் நட்டார்கள். மூலத்தை எவரும் தொடாமல் பூட்டிவைத்து, நகலை மட்டும் திறந்துவிட்டு, அன்றாடம் காப்புப் படி எடுத்துவந்தால் இத்தகைய நிகழ்வு அரை மணி நேர வேலையோடு முடிந்துவிடும். இந்த உலகங்களில் சிறுவர்கள் மிகுதி என்பதால், பெயரோ படமோ கேட்கக் கூடாது. ஊழியர்கள் அவர்களோடு தனிச்செய்தியில் பேசவும் கூடாது.

படங்களுக்கு, பார்வையற்றோருக்காக அவற்றை விவரிக்கும் மாற்று உரையும் காணொளிகளுக்கு வசன வரிகளும் கட்டாயம். வேகமான கணினி இல்லாதவர் அதே கேள்விக்கு ஓர் எளிய படிவத்திலோ தொலைபேசியிலோ விடை சொல்ல வழி வேண்டும். விருப்பக் குறிகளை எண்ணுவதில் நேரம் செலவழிப்பதைவிட, எதிர்பாராத கேள்விகள் எவை வந்தன, அவற்றால் என்ன மாறியது என்று குறித்துவைப்பது மேல்.

தளங்கள் நிலையானவை அல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சியோல் மாநகரம் 2023 ஜனவரியில் திறந்த, 'மெட்டாவெர்ஸ்' எனப்படும் மெய்நிகர்த் தளம் 2024 அக்டோபரில் மூடப்பட்டது. பிற கணினிகள் தாமாகவே பதிவிட உதவும் தானியங்கி இணைப்புக்கு ட்விட்டர் கட்டணம் அறிவித்ததை அடுத்து, நியூயார்க்கின் போக்குவரத்து ஆணையம் 2023 ஏப்ரலில் அதில் உடனடிச் சேவை அறிவிப்புகளை நிறுத்தி, பொதுச் சேவைகளுக்கு விலக்கு கிடைத்த பிறகே திரும்பி வந்தது. எனவே எல்லாவற்றின் முதல் படியும் சொந்த இணையதளத்தில் இருக்கட்டும். முயற்சியை முடிக்கும்போது, மக்கள் கேட்டவை, செய்யப்பட்டவை, செய்யப்படாதவற்றுக்கான காரணங்கள் ஆகியவற்றை ஒரே பதிவாக எழுதிக் கணக்கின் உச்சியில் பொருத்திவிட்டு, கணக்கை நீக்காமல் பூட்டிவைக்க வேண்டும்; நீக்கிவிட்டால் சில தளங்களில் அதே பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் குரலில் பேசத் தொடங்கிவிட முடியும்.